அமெரிக்க உயர் நீதிமன்றத் தீர்ப்புகள்: உயர்தரப் பிள்ளைகளுக்கும் வெளிவாரிச் சட்ட மாணவருக்கும் எதை, எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

மாங்குளம் அரசறிவியல் (கேள்வி)

வணக்கம். உயர்தரத்தில அரசறிவியல் எடுக்கிற பிள்ளையளுக்கும், வெளிவாரியாச் சட்டமாணி படிக்கிற கொஞ்சப் பேருக்கும் சேர்த்து மாங்குளத்தில ஒருநாள் கருத்தரங்கு ஒழுங்கு செய்யிறம். காலமை 8.30 இல இருந்து பின்னேரம் 3.30 மட்டும். இடைவேளை போக 6 மணித்தியாலம் கையில இருக்கு. தலைப்பு, அமெரிக்க அரசியலமைப்புச் சட்டத்தை வடிவமைத்த தீர்ப்புகள்.

பிள்ளையளின்ர கையில சுத்துற குறிப்பில 25 வழக்கின்ர பேர் இருக்கு, ஒவ்வொண்டுக்கும் ஒரு வரி. "மார்பரி எதிர் மடிசன், 1803: நீதிப்புனராய்வு அறிமுகம்." அவ்வளவுதான். மார்பரிக்குப் பதவி கிடைச்சுதா இல்லையா எண்டு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது. கேட்டவருக்கு ஒண்டும் குடுக்காத தீர்ப்பு எப்பிடி நீதிமன்றத்துக்குப் பலம் சேர்த்தது எண்டதும் விளங்கேல்லை.

மூண்டு விசயம் தெரிய வேணும். எத்தினை வழக்கு எடுக்கலாம், எந்த ஒழுங்கில? மார்பரியை எப்பிடி விளக்கினா மனசில நிக்கும்? எங்கட அரசியலமைப்போட ஒப்பிடேக்க எங்க கவனமா இருக்க வேணும்? பழைய குறிப்பில பிழைச்சுப் போனது ஏதும் இருந்தா அதையும் சொல்லுங்கோ.

வவுனிக்குளம்

சேர், 25 ஐயும் ஓட்டினால் ஒன்றும் நிக்காது. 7 அல்லது 8 எடுங்கோ. மார்பரிக்கு மட்டும் ஒன்றரை மணித்தியாலம் ஒதுக்கலாம், அது வீண்போகாது.

முதலில் கதையை ஒழுங்காகச் சொல்ல வேண்டும். 1800 தேர்தலில் ஜனாதிபதி ஜோன் அடம்ஸ் தோற்றார். 1801 மார்ச் 4 அன்று தோமஸ் ஜெபர்சன் பதவியேற்க வேண்டும். போகிற நேரத்தில் அடம்ஸ் தன் கட்சிக்காரரைப் பல பதவிகளுக்கு நியமித்தார். அதில் ஒருவர் வில்லியம் மார்பரி. அவருக்குக் கிடைத்தது கொலம்பியா மாவட்டத்துச் சமாதான நீதவான் பதவி, 5 வருடத்துக்கு. செனட் சபை அங்கீகரித்தது, ஜனாதிபதி கையொப்பமிட்டார், இராஜாங்கச் செயலாளர் முத்திரையும் குத்தினார். நியமனப் பத்திரத்தைக் கையில் கொண்டுபோய்க் கொடுக்க மட்டும் நேரம் போதவில்லை. புதிய இராஜாங்கச் செயலாளர் ஜேம்ஸ் மடிசன் அதைக் கொடுக்க மறுத்தார். முத்திரை குத்திய பழைய செயலாளர் யார் என்று பிள்ளைகளிடம் கேளுங்கோ. ஜோன் மார்ஷல். பின்னர் இந்த வழக்கை விசாரித்த பிரதம நீதியரசரும் அவரேதான். இன்றைய அளவுகோலில் அவர் அந்த வழக்கில் இருந்திருக்கவே கூடாது.

மார்பரி கீழ் நீதிமன்றத்துக்குப் போகாமல் நேரே உயர் நீதிமன்றத்துக்குப் போய் மண்டாமுஸ் எழுத்தாணை (ஓர் அதிகாரி தன் கடமையைச் செய்ய வேண்டும் என்று இடும் கட்டளை) கேட்டார். 1789 நீதித்துறைச் சட்டத்தின் 13 ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது என்பது அவருடைய வாதம். இடையில் காங்கிரஸ் (அமெரிக்கப் பாராளுமன்றம்) உயர் நீதிமன்றத்தின் 1802 அமர்வுகளை இல்லாமல் செய்ததால் தீர்ப்பு 1803 பெப்ரவரி 24 இல்தான் வந்தது.

மார்ஷல் 3 கேள்வி கேட்டார். மார்பரிக்கு அந்தப் பத்திரத்தில் உரிமை உண்டா? உண்டு. கையொப்பமும் முத்திரையும் விழுந்ததோடு நியமனம் முடிந்துவிட்டது, கையில் கொடுப்பது வெறும் சடங்கு. உரிமை மீறப்பட்டால் சட்டத்தில் பரிகாரம் உண்டா? உண்டு. அந்தப் பரிகாரத்தை இந்த நீதிமன்றம், மேன்முறையீடாக இல்லாமல், நேரடியாகத் தர முடியுமா? முடியாது. முடிச்சு இந்த மூன்றாவது கேள்வியில்தான் இருக்கிறது. அரசியலமைப்பின் III ஆம் உறுப்புரை, உயர் நீதிமன்றம் முதல் நிலையில் விசாரிக்கக்கூடிய வழக்குகளை எண்ணிச் சொல்கிறது: தூதுவர், அமைச்சுநிலைத் தூதர், கொன்சல் ஆகியோர் சம்பந்தப்பட்டவை, ஒரு மாநிலம் தரப்பாக உள்ளவை. மார்பரி இதில் எதுவும் இல்லை. 13 ஆம் பிரிவு அந்தப் பட்டியலை நீட்டுகிறது என்று மார்ஷல் வாசித்தார். சாதாரண சட்டத்தால் அரசியலமைப்பை நீட்ட ஏலாது, ஆகவே அந்த அளவுக்குப் பிரிவு செல்லாது.

பிள்ளைகள் கேட்கிற கேள்விக்கு மறுமொழி இதற்குள் இருக்கிறது. எழுத்தாணை பிறப்பித்திருந்தால் ஜெபர்சனின் அரசு அதைத் தூக்கி எறிந்திருக்கும். நீதிமன்றத்திடம் படையும் இல்லை, காசும் இல்லை. பேசாமல் மனுவைத் தள்ளியிருந்தால் பயந்துவிட்டது என்றாகியிருக்கும். மார்ஷல் மடிசன் செய்தது பிழை என்றும் சொன்னார், மடிசன் கீழ்ப்படியவோ மறுக்கவோ ஒரு கட்டளையும் வைக்கவில்லை. காங்கிரஸ் தனக்குக் கொடுத்த ஒரு சின்ன அதிகாரத்தை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்து, காங்கிரஸின் எந்தச் சட்டத்தையும் அரசியலமைப்போடு வைத்து உரசிப் பார்க்கும் பெரிய அதிகாரத்தை எடுத்துக்கொண்டார். நீதிப்புனராய்வு என்பது இதுதான். கீழ்ப்படியாமல் விட ஜெபர்சனுக்கு அதில் ஒன்றும் இல்லை.

வகுப்பில் செய்யக்கூடியது: பலகையில் ஒரு பக்கம் 13 ஆம் பிரிவின் அந்த ஒரு வசனம், மறுபக்கம் III ஆம் உறுப்புரையின் 2 ஆம் பிரிவில் உள்ள ஒரு பந்தி. இரண்டும் உண்மையாகவே முரண்படுகின்றனவா என்று பிள்ளைகளே பார்க்கட்டும். முரண் இல்லை, ஏற்கனவே அதிகாரமுள்ள வழக்கில் மட்டும் எழுத்தாணை பிறப்பிக்கலாம் என்பதே அந்தப் பிரிவின் கருத்து என்று வாதிடும் அறிஞர் பலர். அதைக் கண்டுபிடிக்கிற பிள்ளை வழக்கை விளங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு பிழை அடிக்கடி வரும். நீதிப்புனராய்வு என்ற கருத்தே மார்ஷலின் கண்டுபிடிப்பு என்று எழுதுவது ஒன்று. 1788 இலேயே அலெக்சாண்டர் ஹமில்டன் பெடரலிஸ்ட் 78 ஆம் கட்டுரையில் அதை வாதிட்டிருக்கிறார். 1796 இல் ஹில்டன் வழக்கில் வண்டி வரிச் சட்டம் அரசியலமைப்புக்கு ஏற்றதா என்று நீதிமன்றம் பார்த்து, ஏற்றது என்று சொல்லியிருக்கிறது. அன்றிலிருந்து நீதிமன்றம் சட்டங்களை வெட்டித் தள்ளியது என்று எழுதுவது மற்றது. காங்கிரஸின் ஒரு முக்கிய சட்டம் அடுத்ததாக விழுந்தது 1857 இல், 54 வருடத்துக்குப் பிறகு. அதுதான் டிரெட் ஸ்கொட் வழக்கு. கறுப்பினத்தவர் அமெரிக்கப் பிரசைகளாக முடியாது என்று 7 க்கு 2 எனத் தீர்த்த, அந்த நீதிமன்றத்தின் ஆகக் கேவலமான தீர்ப்பு. அதே அதிகாரம் இதற்கும் பயன்பட்டது என்பதைப் பிள்ளைகளுக்கு மறைக்கக் கூடாது.

கனகராயன்குளம்

வவுனிக்குளம் அண்ணை மார்பரியை வடிவாச் சொல்லிட்டார். நான் மற்ற வழக்குகளின் தெரிவு பற்றி எழுதுகிறேன்.

மார்பரிக்குப் பிறகு மக்கலொக் எதிர் மேரிலாந்து, 1819. மத்திக்கும் மாநிலத்துக்கும் இடையிலான அதிகாரப் பங்கீடு இதில் இருக்கிறது. மத்திய அரசு உருவாக்கிய வங்கியின் பால்டிமோர் கிளைக்கு மேரிலாந்து வரி போட்டது. முத்திரைத் தாளில் நோட்டு அச்சடி, இல்லையென்றால் வருடம் 15,000 டொலர் கட்டு. வங்கி தொடங்கும் அதிகாரம் அரசியலமைப்பில் எழுதியில்லை. எழுதிய அதிகாரங்களை நிறைவேற்றப் பொருத்தமான வழிகளைக் காங்கிரஸ் தெரிந்தெடுக்கலாம், மத்தியின் நிறுவனத்துக்கு மாநிலம் வரி போட ஏலாது என்று தீர்ப்பு. மாகாண சபை அதிகாரம், ஒருங்கிய நிரல் என்று தலையைப் போட்டு உடைக்கிற எங்கட பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடும். 30 நிமிடம் போதும்.

பிறகு பிளெஸ்ஸி 1896, பிரவுன் 1954. இரண்டையும் பிரிக்காதீர்கள். பிளெஸ்ஸியில், கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் தனித்தனிப் புகையிரதப் பெட்டி என்ற லூசியானாவின் சட்டத்தை 7 க்கு 1 என்று ஏற்றார்கள். அந்த ஒருவர் ஜோன் மார்ஷல் ஹார்லன். பிரவுனில் 1954 மே 17 அன்று 9 பேரும் ஒருமித்து, பொதுக் கல்வியில் பிரித்து வைப்பது சமத்துவ மீறல் என்றார்கள். குறிப்புகளில் "பிரவுன் பிளெஸ்ஸியை இரத்துச் செய்தது" என்று இருக்கும். சரியாக எழுதுவதானால், "பிரித்து வைத்தாலும் சமம்" என்ற பிளெஸ்ஸிக் கோட்பாட்டுக்குப் பொதுக் கல்வியில் இடமில்லை என்றுதான் பிரவுன் சொன்னது. பஸ், பூங்கா போன்றவை அடுத்தடுத்த தீர்ப்புகளில் வந்தன.

அதே நாளில் வந்த போலிங் எதிர் ஷார்ப் தீர்ப்பையும் 5 நிமிடத்தில் சொல்லுங்கோ. 14 ஆம் திருத்தத்தின் சமத்துவ வாசகம் மாநிலங்களைத்தான் கட்டுப்படுத்தும். வாஷிங்டன் டி.சி. மாநிலம் இல்லை. அதனால் அங்கத்தைய பாடசாலைகளுக்கு 5 ஆம் திருத்தத்தைப் பயன்படுத்தித் தனித் தீர்ப்பு எழுத வேண்டி வந்தது. எந்தத் திருத்தம் யாரைக் கட்டுப்படுத்துகிறது என்று பார்க்கும் பழக்கம் இந்த ஒரு உதாரணத்தாலேயே வரும்.

இனி நான் ஆக முக்கியமாக நினைப்பது. 1954 இல் தீர்ப்பு, உடனே பாடசாலைகள் சேர்ந்துவிட்டன என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். 1954 தீர்ப்பில் என்ன செய்ய வேண்டும் என்ற கட்டளையே இல்லை. அது 1955 மே 31 இல் இரண்டாம் பிரவுன் தீர்ப்பில் வந்தது. அதிலும் திகதி போடவில்லை. "வேண்டிய நிதானத்தோடு கூடிய வேகத்தில்" என்ற கருத்துப்பட ஒரு சொற்றொடரை வைத்து, மேற்பார்வையைக் கீழ் நீதிமன்றங்களிடம் விட்டார்கள். அந்த இடைவெளிக்குள் தென்மாநிலங்கள் புகுந்தன. 1957 இல் லிட்டில் ரொக்கில் 9 பிள்ளைகள் பாடசாலைக்குள் போக ஜனாதிபதி ஐசன்ஹவர் 101 ஆவது வான்வழிப் படைப்பிரிவை அனுப்ப வேண்டி வந்தது. வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வேர்ட் கவுன்டி 1959 இல் தன் பொதுப் பாடசாலைகள் எல்லாவற்றையும் இழுத்து மூடியது. 1964 வரை திறக்கவில்லை. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பாடசாலை இருந்தது, கறுப்புப் பிள்ளைகளுக்கு 5 வருடம் ஒன்றுமில்லை. தீர்ப்பு வந்து 10 வருடத்துக்குப் பிறகும் பழைய தென்மாநிலங்களில் வெள்ளைப் பிள்ளைகளோடு படித்த கறுப்புப் பிள்ளைகள் நூற்றுக்கு 2 வீதமும் இல்லை. நிலைமை மாறியது 1964 குடியியல் உரிமைகள் சட்டம் வந்து, பாகுபாடு காட்டும் பாடசாலைக்கு மத்திய அரசின் காசு இல்லை என்றான பிறகுதான்.

அதனால் ஒவ்வொரு வழக்கிலும் பிள்ளைகள் கொப்பியில் கட்டாயம் எழுத வேண்டியது: நீதிமன்றம் யாருக்கு என்ன கட்டளை இட்டது, அவர் கீழ்ப்படிந்தாரா, கீழ்ப்படியாவிட்டால் யார் செய்வித்தார்.

அந்தக் கேள்வியை யங்ஸ்டவுன் வழக்கில் கேட்டால் மறுமொழி வேறு. கொரிய யுத்த நேரம், 1952 ஏப்ரலில் ஜனாதிபதி ட்ரூமன் உருக்கு ஆலைகளை அரசு பொறுப்பேற்கக் கட்டளையிட்டார். யூன் 2 இல் 6 க்கு 3 எனத் தீர்ப்பு எதிராக வந்தது. ட்ரூமன் ஆலைகளைத் திருப்பிக் கொடுத்தார். 1974 யூலை 24 இல் ஜனாதிபதி நிக்சனிடம், வோட்டர்கேட் ஊழல் வழக்குக்குத் தேவையான ஒலிநாடாக்களைக் கொடு என்று 8 பேரும் ஒருமித்துச் சொன்னார்கள். கொடுத்தார், ஓகஸ்ட் 9 இல் பதவியும் போனது.

கொரமட்சு எதிர் ஐக்கிய அமெரிக்கா, 1944. இதை விட்டுவிடாதீர்கள். ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 120,000 பேரை மேற்குக் கரையிலிருந்து அகற்றி முகாம்களில் வைத்தார்கள். பெரும்பாலானோர் அங்கே பிறந்த பிரசைகள். நீதிமன்றம் 6 க்கு 3 என்று படையினரின் தேவையை ஏற்றுக்கொண்டது. அகற்றும் கட்டளையை மீறியதற்காகக் கொரமட்சுவுக்கு எதிராக வந்த குற்றத்தீர்ப்பு 1983 இல் நீக்கப்பட்டபோது, அரசு அன்று நீதிமன்றத்துக்கு உண்மைகளை மறைத்தது வெளிவந்தது. 1988 இல் காங்கிரஸ் மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டொலர் இழப்பீடு கொடுத்தது. உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பு பிழை என்று வெளிப்படையாகச் சொன்னது 2018 இல்தான். செட்டிகுளத்து முகாம்களில் இருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். அவர்களுக்கு நீட்டி முழக்க வேண்டாம். தீர்ப்பையும் நீதியரசர் ரொபேர்ட் ஜக்சனின் மாறுபட்ட தீர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கக் கொடுங்கோ.

நெடுங்கேணி

மூன்றாவது கேள்விக்கு நான்.

ஒப்பிடும்போது முதலில் விழுகிற குழி: "இலங்கையில் நீதிப்புனராய்வு இல்லை" என்று ஒரே வரியில் எழுதுவது. சட்டத்தைப் புனராய்வது வேறு, நிறைவேற்றுத்துறையின் செயலைப் புனராய்வது வேறு.

1978 அரசியலமைப்பின் 80(3) ஆம் உறுப்புரைப்படி, சபாநாயகர் சான்றுரை எழுதிச் சட்டமூலம் சட்டமாகிவிட்டால் எந்த நீதிமன்றமும் அதன் வலிதுடைமையைக் கேள்விக்கு உட்படுத்த முடியாது. கதவு அதற்கு முன்னர்தான் திறந்திருக்கிறது. சட்டமூலம் பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் ஏறியதும், குறித்த சில நாட்களுக்குள் எந்தப் பிரசையும் 121 ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்கு மனுச் செய்யலாம். நீதிமன்றம் 3 கிழமைக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். சாதாரணப் பெரும்பான்மை போதுமா, மூன்றில் இரண்டு வேண்டுமா, மக்கள் தீர்ப்பும் வேண்டுமா என்று அது சொல்லும். அந்த நாட்களைத் தவறவிட்டால் சட்டத்தைப் பிறகு அசைக்க ஏலாது. முல்லைத்தீவில் இருக்கிற ஒருவருக்கு வர்த்தமானி கண்ணில் படுவதற்குள் அந்த நாட்கள் ஓடிவிடும். நடைமுறையில் இது பெரிய குறை, அதைப் பிள்ளைகள் விடையில் துணிந்து எழுதலாம்.

அமெரிக்காவில் நேர் எதிர். சட்டமூல நிலையில் நீதிமன்றம் வாயே திறக்காது. 1793 இல் ஜனாதிபதி வாஷிங்டனின் அரசு சட்டக் கேள்விகளை அனுப்பி ஆலோசனை கேட்டபோது பிரதம நீதியரசர் ஜோன் ஜேயும் மற்றவர்களும் மறுத்துவிட்டார்கள். உண்மையான பிணக்கு, உண்மையில் பாதிக்கப்பட்ட தரப்பு இருந்தால்தான் வழக்கு. இங்கே 129 ஆம் உறுப்புரையின் கீழ் ஜனாதிபதி உயர் நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்கலாம். அங்கே சட்டம் 100 வருடம் பழசானாலும் பாதிக்கப்பட்ட ஒருவர் அதை எதிர்க்கலாம். இங்கே 16 ஆம் உறுப்புரை பழைய சட்டங்களை, அவை அடிப்படை உரிமைக்கு முரணானாலும், செல்லும் என்று காப்பாற்றி வைத்திருக்கிறது.

நிறைவேற்றுத்துறை விடயத்தில் எங்கட நீதிமன்றத்துக்குப் பல் இருக்கிறது. 2018 நவம்பர் 9 இல் ஜனாதிபதி பாராளுமன்றத்தைக் கலைத்தார். இரா. சம்பந்தனும் மற்றவர்களும் செய்த அடிப்படை உரிமை மனுக்களில், டிசம்பர் 13 இல் 7 நீதியரசர்களும் ஒருமித்து, நாலரை வருடம் முடிய முன் அப்படிக் கலைக்க முடியாது என்றார்கள். யங்ஸ்டவுனுக்குப் பக்கத்தில் வைக்க இதைவிட நல்ல வழக்கு இல்லை.

இன்னொன்று, எங்கட நாட்டில் ஒரு காலம் மார்பரி மாதிரியான அதிகாரம் இருந்தது. சோல்பரி அரசியலமைப்பின் கீழ், 1965 இல் லியனகே வழக்கில், 1962 ஆட்சிக் கவிழ்ப்புச் சதி வழக்குக்காகவே ஆக்கிய சட்டங்களை, அன்று எங்கட இறுதி மேன்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் செல்லாது என்றது. கோடீஸ்வரன் வழக்கு இன்னும் கிட்ட வரும். சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடையாததால் சம்பள உயர்ச்சி நிறுத்தப்பட்ட தமிழ் அரச ஊழியர், 1956 அரசகரும மொழிச் சட்டம் சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவுக்கு முரண் என்று வழக்குப் போட்டார். 1964 இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம். உயர் நீதிமன்றம், அரச ஊழியர் சம்பளத்துக்காக முடியை (அரசை) எதிர்த்து வழக்காட முடியாது என்று சொல்லி மூலக் கேள்வியைத் தொடாமலே தள்ளியது. 1969 இல் பிரிவி கவுன்சில், வழக்காடலாம், மொழிச் சட்டக் கேள்வியை உயர் நீதிமன்றமே தீர்க்கட்டும் என்று திருப்பி அனுப்பியது. அந்தக் கேள்வி கடைசி வரை தீர்க்கப்படவில்லை. 1971 இல் பிரிவி கவுன்சில் மேன்முறையீடு ஒழிந்தது, 1972 அரசியலமைப்பு, நீதிமன்றம் சட்டத்தைப் புனராயும் அதிகாரத்தையும் 29 ஆம் பிரிவையும் சேர்த்து எடுத்துவிட்டது. சிறுபான்மைக்கு எழுத்தில் கிடைத்த பாதுகாப்பும் அதைக் கேட்டு வாங்குகிற நீதிமன்ற வழியும் ஒன்றாகப் போனால் என்ன மிஞ்சும் என்று பிள்ளைகளே எழுதிப் பார்க்கட்டும். 1954 இல் பிரவுன் வழக்காளிகளுக்கு அந்த இரண்டும் கையில் இருந்தன.

மாங்குளம் அரசறிவியல்

எல்லாருக்கும் நன்றி. கோடீஸ்வரன் வழக்கைப் பிரவுனோட சேர்த்து வைக்கிறதெண்டு முடிவு. இன்னும் ரெண்டு கேக்கிறன். பிள்ளையள் ஆகக் கூடக் கேக்கிறது மிரண்டா பற்றித்தான், படங்களில பாத்து. எங்கட சட்டத்தோட எப்பிடி ஒப்பிடுறது? காணி எடுக்கிறது பற்றி அங்க முக்கியமான தீர்ப்பு ஏதும் இருக்கோ? இந்தப் பக்கத்தில அது கட்டாயம் கேக்கப்படும்.

முத்தையன்கட்டு

மிரண்டா எதிர் அரிசோனா, 1966 யூன் 13, 5 க்கு 4. படத்தில் காட்டுவது போலக் கைது செய்த உடனே சொல்லாவிட்டால் வழக்கு விழுந்துவிடும் என்பது பிழை. இரண்டு நிபந்தனை சேர வேண்டும்: காவலில் இருக்க வேண்டும், விசாரணையும் நடக்க வேண்டும். எச்சரிக்கை நாலு: பேசாமல் இருக்கலாம், பேசினால் எதிராகப் பயன்படும், சட்டத்தரணி இருக்கலாம், காசில்லாவிட்டால் அரசு ஒருவரைத் தரும். சொல்லாமல் எடுத்த வாக்குமூலம் அரச தரப்பின் நேரடிச் சான்றாக வராது. வேறு சான்றால் வழக்கு நடக்கலாம். மிரண்டாவே மறுவிளக்கத்தில் (வழக்கு மீண்டும் விசாரிக்கப்பட்டபோது), அந்த வாக்குமூலம் இல்லாமலே, குற்றவாளியாகக் காணப்பட்டார்.

இலங்கைச் சாதாரண சட்டம் ஒரு வகையில் மிரண்டாவை விடக் கடுமை. சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவுப்படி பொலிஸ் உத்தியோகத்தருக்குக் கொடுத்த குற்ற ஒப்புதலை, எச்சரித்தார்களோ இல்லையோ, எதிரிக்கு (குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு) எதிராக எண்பிக்க முடியாது. ஆனால் 1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16 ஆம் பிரிவு, உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத ஒருவருக்குக் கொடுத்த ஒப்புதலை ஏற்கிறது. அது பலாத்காரத்தால் வந்தது என்று காட்டும் சுமையையும் எதிரியின் தலையிலேயே வைக்கிறது. பூட்டிய அறைக்குள் நடந்ததை உள்ளே இருந்தவரே எண்பிக்க வேண்டும். மிரண்டா தீர்ப்பில் பிரதம நீதியரசர் ஏர்ள் வொரன் நீளமாக எழுதியது அந்த அறையைப் பற்றித்தான்: வெளித்தொடர்பு இல்லாத தனிமை, பொலிஸ் பயிற்சிப் புத்தகங்கள் சொல்லிக் கொடுத்த விசாரணைத் தந்திரங்கள். வெளிவாரிச் சட்ட மாணவர் அந்தப் பகுதியை மூலத்திலேயே வாசிக்க வேண்டும்.

மிரண்டாவுக்கு முன் கிடியன் எதிர் வெயின்ரைட், 1963 மார்ச் 18 சொல்லுங்கோ. புளோரிடாவில் ஒரு விளையாட்டுக் கூடத்தை உடைத்ததாகக் கிடியன் மீது குற்றச்சாட்டு. சட்டத்தரணி கேட்டார், மாநிலம் மரண தண்டனை வழக்குக்குத்தான் தரும் என்று நீதிபதி மறுத்தார், 5 வருடத் தண்டனை. சிறைச்சாலைத் தாளில் பென்சிலால் எழுதி அனுப்பிய மனுவை உயர் நீதிமன்றம் எடுத்தது. 9 பேரும் ஒருமித்து, பாரதூரமான குற்ற வழக்கில் வசதியில்லாதவருக்கு மாநிலம் சட்டத்தரணி தர வேண்டும் என்றார்கள். மறுவிளக்கத்தில், சட்டத்தரணியோடு, விடுதலை. 6 ஆம் திருத்தம் 14 ஆம் திருத்தத்தின் வழியாக மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

காணிக்கு கீலோ எதிர் நியூ லண்டன், 2005 யூன் 23, 5 க்கு 4. 5 ஆம் திருத்தம் சொல்வது, பொதுப் பயன்பாட்டுக்காக, நியாயமான இழப்பீடு கொடுத்தே தனியார் சொத்தை எடுக்கலாம் என்று. கனெக்டிகட் மாநிலத்து நகரசபை, அபிவிருத்தித் திட்டத்துக்காக வீடுகளை எடுத்துத் தனியார் அபிவிருத்தியாளருக்குக் கொடுக்கலாமா என்பது கேள்வி. நகரப் பொருளாதாரத்துக்கு நன்மையென்றால் அதுவும் பொதுப் பயன்பாடு என்று பெரும்பான்மை சொன்னது. சனம் கொதித்தது. 40 க்கு மேற்பட்ட மாநிலங்கள் தங்கள் சட்டங்களை மாற்றின. திட்டமோ நடக்கவில்லை, வீடுகளை எடுத்த காணி வருடக் கணக்காக வெறுமையாகக் கிடந்தது. நீதிமன்றத்தில் தோற்றவர்கள் சட்டசபைகளில் வென்ற வழக்கு என்று இதைச் சொல்லலாம்.

இலங்கையில் சொத்துரிமை அடிப்படை உரிமை அத்தியாயத்தில் இல்லை. ஆகவே வாதம் 12 ஆம் உறுப்புரையின் சமத்துவம் வழியாகத்தான் போகும். 1950 ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டத்தில் 2 ஆம் பிரிவு அறிவித்தல் முதல்படி. 4 ஆம் பிரிவு அறிவித்தல் வந்தால் ஆட்சேபனை தெரிவிக்கும் நேரம் அதுதான், விடக்கூடாது. 5 ஆம் பிரிவுப் பிரகடனம் வந்த பிறகு காணி பொதுத் தேவைக்கு வேண்டும் என்பதே முடிந்த முடிவாகிவிடும். 38 (அ) காப்புவாசகத்தின் கீழ் அவசரமாக உடைமை எடுத்தால் இந்தப் படிகள் எல்லாம் பின்தள்ளப்படும். எடுத்த பிறகு திருப்பிக் கேட்க 39அ பிரிவு உண்டு: இழப்பீடு கொடுத்திருக்கக் கூடாது, பொதுத் தேவைக்குப் பயன்படுத்தியிருக்கக் கூடாது, அபிவிருத்தி செய்திருக்கக் கூடாது, உரித்துள்ளவர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். கீலோவுக்கு எதிர்ப்பக்கத்தில் வைக்க 2008 இன் வோட்டர்ஸ் எட்ஜ் தீர்ப்பு இருக்கிறது. பொதுத் தேவை என்று எடுத்த காணி தனியார் கொல்ப் மைதானத்துக்குப் போனதை எங்கட உயர் நீதிமன்றமே செல்லாது என்றது.

அடிப்படை உரிமை மனுவுக்கு 1 மாதம்தான் கால எல்லை, மனு கொழும்பில். அந்த 1 மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்தால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. விசாரணை நடந்துகொண்டிருந்ததற்கு எழுத்திலான சான்று இல்லாமல் அந்த வாதம் நிற்காது.

வவுனிக்குளம்

பழைய குறிப்பு பற்றிக் கேட்டது விடுபட்டுப் போச்சு. ரோ எதிர் வேட், 1973, கருக்கலைப்பு உரிமை: இது இப்போது சட்டம் இல்லை. 2022 யூன் 24 இல் டொப்ஸ் தீர்ப்பு அதையும் 1992 இன் கேசி தீர்ப்பையும் இரத்துச் செய்தது. தெளிவில்லாத சட்டத்துக்கு அரச நிறுவனம் தரும் நியாயமான விளக்கத்தை நீதிமன்றம் ஏற்க வேண்டும் என்ற 1984 இன் ஷெவ்ரோன் கோட்பாடு 2024 இல் போனது. பல்கலைக்கழக அனுமதியில் இனத்தைக் கணக்கில் எடுப்பது பற்றிய பழைய நிலைப்பாடு 2023 இல் ஹார்வர்ட் வழக்கோடு மாறியது.

தீர்ப்பு எடுத்துப் பார்ப்பவர்களுக்கு: 347 யூ.எஸ். 483 என்றால் 347 ஆம் தொகுதி, 483 ஆம் பக்கம், அதுதான் பிரவுன். மார்பரி 5 யூ.எஸ். 137. பழைய புத்தகங்களில் அதுவே 1 கிராஞ்ச் 137 என்று இருக்கும், கிராஞ்ச் என்பவர் அன்றைய தீர்ப்பறிக்கையாளர், வேறு வழக்கு என்று நினைக்க வேண்டாம். ஜஸ்டியா, ஓயெஸ் இரண்டிலும் இலவசமாகக் கிடைக்கும். கையடக்கத் தொலைபேசியில் திறக்கும்போது மேலே வருகிற சுருக்கத்தை மேற்கோள் காட்டாதீர்கள். அது வாசகர் வசதிக்காக அலுவலர் எழுதுவது, தீர்ப்பின் பகுதி இல்லை. அதற்குக் கீழே எந்த நீதியரசர் நீதிமன்றத்தின் தீர்ப்பை எழுதினார் என்ற வரி வரும், அதிலிருந்து தொடங்குங்கோ. 5 பேர் ஒரே காரணத்தில் சேரவில்லை என்றால் அது பெரும்பான்மைக் காரணம் ஆகாது. முடிவு மட்டும்தான் பெரும்பான்மை. யங்ஸ்டவுனில் 6 பேரும் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்கள், பின்வந்த நீதிமன்றங்கள் பிடித்துக்கொண்டது ஜக்சனின் தனித் தீர்ப்பை. வெளிவாரி மாணவர் பிளாக் எழுதிய நீதிமன்றத் தீர்ப்போடு நின்றுவிடாமல் அதையும் இறக்கி வைத்துக்கொள்ளட்டும்.